நெடுவழி நடப்போர்க்கு வேண்டும் சுமை

ஊர்திகள் பெருகிய இக்காலத்திலே கால்நடையாகப் பன்னாட் செல்லும் வழக்கம் அருகிவிட்டது என எண்ணுதல் பொருந்தாது. நடத்தற்கென்றே நடப்போர் தொகை இன்று உலகெங்கும் பெருகியே உள்ளது. ஐக்கிய அமெரிக்காவிலே கிழக்கு மலைத்தொடர் வழியாக அப்பலாச்சியன் பாதை இரண்டாயிரம் மைலுக்கு மேல் நீண்டு கிடக்கின்றது. நம் நாட்டிலே கண்டிக்கு அண்மையிலுள்ள ஹந்தானையிலிருந்து நுவரெலியா வரை, தேயிலைத் தோட்டங்களினூடே, 22 பகுதிகளாக 300 கிலோமீற்றருக்கு மேல் நீளும் பெக்கோ பாதை அண்மைக் காலத்தில் வகுக்கப்பட்டது. இவற்றுக்கெல்லாம் முற்பட்டதாய், தொண்டைமானாற்றுச் செல்வச்சந்நிதியிலிருந்து கீழைக்கரை வழியே கதிர்காமஞ் செல்லும் பாதயாத்திரை நம்மவரிடையே நிலைபெற்றிருக்கின்றது.

‘செலவு’ என்னுஞ் சொல்லுக்குப் பழந்தமிழிற் பயணம் என்பது பொருள். இன்றைய வழக்கிலோ அது பணத்தைப் போக்குதலையே குறிக்கின்றது. நெடுவழி நடப்போர்க்குரிய பொருள்களை விற்குங் கடையொன்றினுட் புகுந்து விலைச்சீட்டுக்களைப் பார்ப்பவன், அவ்விரு பொருளும் ஒன்றே எனக் கருதினாலும் வியப்பில்லை. இலேசான பொருள் விலை கூடியது. விலை குறைந்தது பாரமானது. எனவே கைப்பொருள் இல்லாதவன் முதுகு நோவச் சுமக்கவேண்டும், அன்றேல் வீட்டில் இருக்கவேண்டும் என்னும் முடிவுக்கு அவன் வருகின்றான். சாரணர் படையிலும் மலையேறுங் கழகத்திலும் சேர விரும்பிய மாணவர் சிலர் பின்வாங்குவதற்கும் இவ்வெண்ணமே காரணமாகின்றது.

இம்முடிவு பெரும்பாலும் பிழையானது என்பதை விளக்குதலே இக்கட்டுரையின் நோக்கமாகும். சுமையின் பெரும்பகுதியைக் காசின்றியே குறைக்கலாம். அடுத்த பகுதியைச் சிறுகாசினாற் குறைக்கலாம். எஞ்சிய மிகச் சிறுபகுதியைக் குறைத்தற்கே பெருங்காசு வேண்டும். அதனோடு, எவ்விடத்துக் குறைக்கலாகாது என்பதும் உடன் ஆராயத்தக்கது.

சுமையின் கணக்கு

நடப்போன் சுமக்கும் பொருள்கள் இருவகைப்படும். உணவு, நீர், எரிபொருள் ஆகியன வழியிற் குறைந்தும் மீண்டும் நிரம்பியும் வருவன. பை, படங்கு, போர்வை, மாற்றுடை, சமையற் பாத்திரம் முதலாயின முதல் நாள் தொடக்கம் இறுதி நாள் வரை மாறாதிருப்பன. பின்னவற்றின் மொத்த நிறையை அடிப்படைச் சுமை என வழங்குவர். அது 20 இறாத்தலுக்கு, அஃதாவது ஏறத்தாழ 9 கிலோகிராமுக்கு, உட்பட்டிருப்பின் இலேசான சுமை எனவும், அதிற் பாதிக்கு உட்பட்டிருப்பின் மிக இலேசான சுமை எனவும் நெடுநடை பழகியோர் கொள்வர்.

ஒரு கிலோகிராம் குறைவது அற்பமாகத் தோன்றலாம். ஆனால், ஓர் எட்டு 70 சதமமீற்றர் எனக் கொண்டு நாளொன்றுக்கு 20 கிலோமீற்றர் நடப்பவன் 28,000 எட்டுக்களுக்கு மேல் வைக்கின்றான். ஒவ்வோர் எட்டிலும் அந்த ஒரு கிலோகிராமை அவன் தாங்கவேண்டும், ஏற்றத்தில் உயர்த்தவேண்டும், இறக்கத்தில் முழங்காலாற் பொறுக்கவேண்டும். பதினைந்து நாள் நடையாயின் இஃது எவ்வளவாகும் என்பதை வாசகரே கணித்துக்கொள்ளலாம்.

ஆதலின் முதலில் வாங்கவேண்டியது பையுமன்று, கூடாரமுமன்று. தேடவேண்டியது ஒரு தராசே. சமையலறைத் தராசு போதும். அதுவும் இல்லையெனின் அயற்கடைக்காரர் தம் தராசைச் சற்று நேரம் தர மறுக்கமாட்டார். கொண்டுசெல்ல எண்ணிய ஒவ்வொரு பொருளையும் நிறுத்து ஒரு கொப்பியிற் குறித்தல் வேண்டும். முதல் நிரலிற் பொருளின் பெயரும், இரண்டாவதில் நிறையும், மூன்றாவதில் அது நாடோறும் பயன்படுமா, சிலநாள் மட்டும் பயன்படுமா, ‘ஒருகால் வேண்டியிருப்பின்’ என்னும் அச்சத்தினாற் சேர்க்கப்பட்டதா என்பதும் எழுதப்படட்டும். மூன்றாம் வகையின் நிறையைக் கூட்டிப் பார்ப்பவர் பெரும்பாலும் திகைப்படைவர். இரண்டாவது சோடிச் சப்பாத்து, தடித்த துவாய், நான்காவது சேட்டு, கண்ணாடிப் போத்தலில் எண்ணெய், வாசிக்க நேரங் கிடையாத நூல்கள் என்பன அங்கே நிற்கும். அவற்றை நீக்குதற்கு ஒரு சதமும் செலவில்லை. மருந்து, மழையுடை போன்ற சிலவும் அதே நிரலில் நிற்கக்கூடும். அவை வேறு வகையின. அவற்றைப் பின்னர்க் கூறுவாம்.

ஒரு மூதாட்டியின் பை

பணமில்லாமலே இலேசாக நடக்கலாம் என்பதற்கு உலகறிந்த சான்றாக நிற்பவர் எம்மா கேற்வுட் என்னும் அமெரிக்க மூதாட்டியார். இவர் ஒகையோ மாநிலத்திலே 1887ஆம் ஆண்டு பிறந்தவர், கமத்தொழிற் குடும்பத்தவர், பதினொரு பிள்ளைகளைப் பெற்று வளர்த்தவர், கொடிய கணவனால் நெடுங்காலம் துன்புற்று, இறுதியில் மணவிலக்குப் பெற்றவர். அப்பலாச்சியன் பாதையைப் பற்றிச் சஞ்சிகையொன்றில் வெளிவந்த கட்டுரையைப் படித்து அதனை நடந்து முடிக்கத் துணிந்தார். 1954இல் வடமுனையிலிருந்து தொடங்கிய முதன்முயற்சியில் வழிதவறி, மூக்குக்கண்ணாடியும் உடைய, வீடு திரும்பினார். 1955ஆம் ஆண்டு மே மாதம் 3ஆந் தேதி அந்நாளில் தென்முனையாயிருந்த ஜோர்ஜியா மாநிலத்து ஓகில்தோர்ப் மலையிலிருந்து மீண்டும் புறப்பட்டு, செப்ரெம்பர் 25ஆந் தேதி மெயின் மாநிலத்துக் கட்டாடின் மலையுச்சியை அடைந்தார். அப்பொழுது அவருக்கு வயது 67; நடந்த தூரம் ஏறத்தாழ 2,050 மைல். அப்பாதை முழுவதையும் ஒரே பருவத்தில் தனியே நடந்து முடித்த முதற் பெண்மணி அவரே. 1957இல் மறுமுறையும், 1964இல் பகுதி பகுதியாக மூன்றாம் முறையும் அதனை முடித்தார்.

அவர் சுமந்தது யாது? தடித்த பருத்திச் சீலையால் தம் கையாலேயே தைத்த ஒரு பை; அதனை ஒரு தோளிலே தொங்கவிட்டார். அதனுள் ஓர் இராணுவக் கம்பளி, ஒரு மழையங்கி, குளியலறைத் திரையாகப் பயன்படும் ஒரு பிளாத்திக்கு விரிப்பு, சில்லறை மருந்துகள், சிறிது உணவு ஆகியன இருந்தன. கூடாரமும் துயிற்பையும் அவரிடம் இல்லை. காலில் அணிந்தவை இரப்பர் அடியுடைய சாதாரணத் துணிச் சப்பாத்துக்கள். அவ்வழியில் ஆறேழு சோடிகளைத் தேய்த்தார். பையின் நிறை 20 இறாத்தலுக்கு மேற்பட்டது அரிது. குளியலறைத் திரை அவருக்கு மழையிற் போர்வையும், தரையில் விரிப்பும், இரவிற் கூரையும் ஆயிற்று. ஒரு பொருள் மூன்று தொழில் செய்யுமாயின் இரண்டு பொருள்களை வீட்டில் விடலாம் என்னும் விதிக்கு இதனினுஞ் சிறந்த எடுத்துக்காட்டுக் காண்டல் அரிது.

எனினும், இவ்வரலாற்றை ஒருபக்கமாக மட்டும் படித்தல் தகாது. அவர் இலேசாக நடத்தற்குப் பாதையும் மக்களும் துணையாயிருந்தமை மறக்கற்பாலதன்று. அப்பாதையில் இடையிடையே முன்புறந் திறந்த மூன்று சுவர்க் கொட்டில்கள் உள்ளன; பல இரவுகளில் அவையே அவருக்குத் தங்குமிடமாயின. வேறு இரவுகளில் வழியிலுள்ள குடும்பத்தினர் உணவும் படுக்கையும் அளித்தனர். எவையுங் கிடையாதபோது இலைக்குவியலிற் படுத்தார். குளிர் மிகுந்தபோது கற்களை நெருப்பிற் சூடாக்கி அவற்றின்மேற் கிடந்தார். 1955 ஓகத்து மாதத்திற் சூறாவளிகளாற் பெருகிய ஆறொன்றைக் கடத்தற்கு இளைஞர் இருவரின் உதவி வேண்டியிருந்தது. ஆகவே, அவரிடமிருந்து நாம் கற்கவேண்டியது குளியலறைத் திரையன்று. பாதை எதனைத் தரும், எதனைத் தராது என்று அறிந்து, தராததை மட்டும் சுமக்கும் முறையே.

இம்முறை நம்மவர்க்குப் புதியதன்று. கதிர்காம யாத்திரிகர் ஊர்களினூடே செல்லும்போது கோயில்களிலும் மடங்களிலும் அன்னம் பெறுவர். ஆதலின் ஒரு துணிமூட்டை போதியதாகின்றது. உகந்தைமலை முருகன் கோயிலைக் கடந்து குமண, யால ஆகிய காடுகளினூடே செல்லும் நாள்களிலோ கடையில்லை, வீடில்லை. அரிசியும் நீரும் தோளிலேயே ஏறவேண்டும். ஒரே யாத்திரையில் இருவகைச் சுமைக்கணக்கு உண்டு என்பது இதனாற் புலனாகும். பெக்கோ பாதையிலோ, அன்றன்றைய நடையின் முடிவில் ஓர் ஊரையோ விடுதியையோ அடையுமாறு திட்டமிடல் கூடும். அங்ஙனம் நடப்பவனுக்குக் கூடாரமும் அடுப்பும் வேண்டா. ஆனால், மலைநாட்டு மழையும் குளிரும் அட்டையும் அவனுக்காக விலகி நில்லா.

பெரும்பொருள் மூன்று

வழியிலே தங்குமிடங் கிடையாத நெடுநடையில் அடிப்படைச் சுமையின் பெரும்பங்கு பை, கூரை, படுக்கை என்னும் மூன்றினாலேயே ஆவது. கைச்செலவைக் கருதி முதலில் ஆராயவேண்டியவை இவையே. பற்றூரிகையின் பிடியை வெட்டிச் சில கிராம் குறைப்பவன் மூன்று கிலோகிராம் கூடாரத்தைச் சுமப்பானாயின் அவன் முயற்சி வீணாகும்.

இத்துறையில் எண்ணத்தை மாற்றியவருள் ஒருவர் றே ஜார்டைன் என்னும் அமெரிக்கர். விண்வெளிப் பொறியியலாளராய்த் தொழில் செய்து, பின் பாறையேறுவோர்க்குரிய கருவியொன்றைக் கண்டுபிடித்துப் புகழ்பெற்றவர். மெக்சிக்கோ எல்லையிலிருந்து கனடா எல்லை வரை ஏறத்தாழ 2,650 மைல் நீளும் பசிபிக் முகட்டுப் பாதையை 1987, 1991, 1994ஆம் ஆண்டுகளில் தம் மனைவியாரோடு நடந்தார். ஒவ்வொரு முறையும் சுமையைக் குறைத்துக்கொண்டே வந்த அவர், தாம் கண்ட முறைகளை 1992 முதல் நூல்வடிவில் வெளியிட்டார். கூடாரத்துக்குப் பதிலாகப் படங்கு, துயிற்பைக்குப் பதிலாகப் போர்வை, சட்டமிட்ட பெரிய பைக்குப் பதிலாகச் சட்டமில்லாச் சிறுபை என்பனவே அவர் கொள்கையின் சாரம். இம்மூன்றையும் வீட்டுத் தையற்பொறியில் தாமே தைத்துக்கொள்ளலாம் எனவுங் காட்டினார். இவற்றின் காரணங்களை ஒவ்வொன்றாகக் காண்பாம்.

கூரை: மலிவாக விற்கப்படும் இருவர் கூடாரம் இரண்டரை முதல் மூன்று கிலோகிராம் வரை நிறையுடையது. அதன் தண்டுகளும், தரைச்சீலையும், இரட்டைச் சுவரும் அந்நிறைக்குக் காரணம். படங்குக்கு இவை வேண்டா. இரு மரங்களிடையே ஒரு கயிற்றைக் கட்டி, அதன்மேற் படங்கைப் போட்டு, நான்கு மூலைகளையும் முளையடித்து இழுத்துவிட்டால் ஒரு கூரை அமைகின்றது. காற்று வீசும் பக்கத்தைத் தரையோடு தாழ்த்திக் கட்டுதல் வேண்டும். மூன்று மீற்றர் நீளமும் இரண்டரை மீற்றர் அகலமுமுள்ள மெல்லிய நைலோன் படங்கு அரைக் கிலோகிராம் அளவிற்று. கடைகளில் எளிதாகக் கிடைக்கும் நெய்த பொலித்தீன் படங்கு இதனிற் சற்றுப் பாரமானதாயினும் கூடாரத்தை நோக்க மிக இலேசானது. விலையோ மிகக் குறைந்தது. நுளம்பு மிக்க இடங்களுக்கு ஒரு சிறு வலை சேர்த்துக்கொள்ளலாம். படங்கு கட்டுதல் பயிற்சியை வேண்டுவது என்பதே அதன் குறை. பாடசாலை மைதானத்தில் இரண்டு மாலைநேரம் பழகினால் அக்குறை நீங்கும்.

படுக்கை: போர்வை தானாகச் சூடு தருவதன்று, அதன் இழைகளிடையே அசையாது நிற்கும் காற்றே உடற்சூடு வெளியேறாமற் காக்கின்றது. துயிற்பையில் உடலின் கீழ் அகப்படும் பகுதி நசுங்கி அக்காற்றை இழக்கின்றது. ஆதலின் அது வீண் சுமை. கீழ்ப்பக்கத்தை நீக்கி மேற்போர்வையாக மட்டும் அமைத்தால் நிறையும் விலையும் ஒருங்கே குறைகின்றன. நிலத்தின் குளிரைத் தடுப்பதற்கு நசுங்காத நுரைப்பாய் வேண்டும். மூடிய சிறு காற்றறைகளாலான அத்தகைய பாய் முந்நூறு, நானூறு கிராம் நிறையுடையது, மலிவானது, முள் குத்தினாலும் கெடாதது. காற்றடைத்த மெத்தையோ விலை கூடியது. ஒரு துளையால் முழுவதும் பயனிழக்கும்.

பை: இதனைக் கடைசியாகவே தெரிதல் வேண்டும். முதலிற் பெரிய பையை வாங்குபவன் அதன் வெற்றிடத்தை நிரப்பாமல் விடான். ஏனைய பொருள்கள் முடிவான பின், அவை கொள்ளும் அளவிற்குப் பை தேடினால் சிறுபையே போதும். இரும்புச் சட்டமும் தடித்த இடைவாரும் பாரத்தைச் சுமத்தற்கென்றே அமைந்தவை. மொத்தச் சுமை ஒன்பது, பத்துக் கிலோகிராமைத் தாண்டாதாயின் சட்டமில்லாப் பையே முதுகுக்கு இதமாயிருக்கும். நுரைப்பாயை மடித்து முதுகுப்புறம் வைத்தால் அதுவே சட்டமாகின்றது. தையற்கடையில் ஆடைத் தொழிற்சாலைகளின் எஞ்சிய நைலோன் சீலை கிடைக்குமாயின் மிகச் சிறுசெலவில் ஒரு பை உருவாகும்.

எண்ணளவில் நோக்குவாம். சட்டமிட்ட பை 2,300 கிராம், கூடாரம் 2,800, மலிவான துயிற்பை 1,900 எனின் மொத்தம் 7,000 கிராம். சட்டமில்லாப் பை 700, கயிறும் தரைவிரிப்பும் சேர்ந்த படங்கு 800, போர்வை 900 எனின் மொத்தம் 2,400 கிராம். வேறுபாடு 4,600 கிராம். இரண்டாம் வரிசை விலையிலும் முதல் வரிசைக்கு மேற்படவேண்டியதில்லை. நுரைப்பாய் 350, பாத்திரமும் கரண்டியும் 200, மாற்றுடை 900, மழையங்கி 300, மின்சூள், கத்தி, தீப்பெட்டி, மருந்து, ஊசிநூல் ஆகியன சேர்ந்து 400, வெறும் போத்தல்கள் 80 கிராம் எனக் கூட்டினால் இரண்டாம் வரிசைக்காரனின் அடிப்படைச் சுமை முழுவதும் 4,630 கிராமே ஆகும்.

காலும் உடையும்

பாரம் உடலின் எப்பகுதியில் அமைகின்றது என்பதும் பெரிதும் கருதற்பாலது. அமெரிக்க இராணுவத்துக்காக ஆய்வு செய்த சூல், கோல்ட்மன் என்னும் இருவர் 1969இல் வெளியிட்ட முடிவுகளின்படி, பாதத்திற் கட்டிய நிறை, அதேயளவு உடல்நிறையைச் சுமத்தற்கு வேண்டிய சத்தியைப் போல ஏறத்தாழ நான்கு முதல் ஆறு மடங்கு சத்தியை வேண்டுகின்றது. தலையிற் சுமந்த நிறைக்கோ ஒன்றேகால் மடங்களவே வேண்டியிருந்தது. எட்டுக்கு எட்டு உயர்த்தி, வீசி, நிறுத்தப்படுவது பாதமாதலின் இது வியப்பன்று. எனவே பாரமான தோற் சப்பாத்தை விடுத்து இலேசான ஓட்டச் சப்பாத்தை அணிதல், பையிற் பெருநிறையைக் குறைத்தற்கு ஒப்பாகும். அது நனைந்தாலும் விரைவிற் காயும். விலையும் பெரும்பாலும் குறைவு. எனினும் புதுச் சப்பாத்தோடு நெடுவழி புறப்படலாகாது. வீக்கத்துக்கு இடம்விடச் சற்றுப் பெரிய அளவைத் தெரிந்து, இரு கிழமையேனும் அணிந்து பழகுதல் வேண்டும்.

உடையிற் பருத்தி நம் வெப்பநிலத்துக்கு ஏற்றதே. ஆனால் நனைந்த பருத்தி நீரைத் தேக்கி வைக்கும். நீர் காற்றைப் போல இருபது மடங்குக்கு மேல் வெப்பத்தைக் கடத்தும். ஆதலின் மலையிலே குளிர்காற்றில் ஈரப் பருத்திச் சட்டையோடு நிற்பவன் விரைவில் உடற்சூட்டை இழக்கின்றான். கம்பளியும் பொலியெத்தர் இழையும் இவ்வகையிற் பாதுகாப்பானவை. பழைய கம்பளிச் சுவெற்றரொன்று எவ்வீட்டுப் பெட்டியிலும் கிடக்கும். விளையாட்டு வீரர் அணியும் மெல்லிய பொலியெத்தர் சேட்டு மலிவானது. நடத்தற்கு ஒரு தொகுதி, உறங்குதற்கு நனையாது காத்த ஒரு தொகுதி, இவற்றின் மேல் மழையங்கி என்னும் அளவே போதும். சாரம் ஒன்று உடையாகவும், துவாயாகவும், குளிக்கும்போது மறைப்பாகவும், மெல்லிய போர்வையாகவும் உதவுவது; நம்மவர் கையில் உள்ள குளியலறைத் திரை அதுவே எனலாம்.

உணவும் நீரும்

காய்ந்த உணவாயின் நாளொன்றுக்கு எழுநூறு முதல் தொள்ளாயிரம் கிராம் வரை வேண்டும். கொழுப்பு ஒரு கிராமுக்கு 9 கலோரியும், மாப்பொருளும் புரதமும் ஒரு கிராமுக்கு 4 கலோரியும் தருவன. ஆகவே கச்சானும் எள்ளுருண்டையும் சிறுநிறையிற் பெருஞ்சத்தி அளிப்பன. சோறு, பழம், தகரப்பேணி மீன் என்பவற்றிற் சுமப்பது பெரும்பாலும் நீரும் தகரமுமே. பொரிவிளாங்காய், ஒடியல், வறுத்த மா முதலியவற்றை நம் முன்னோர் வழியுணவாகக் கொண்டமைக்கு இக்கணக்கே அடிப்படை: நீர் நீங்கியது, கெடாதது, இலேசானது.

நீர் ஒரு லீற்றர் ஒரு கிலோகிராம். இதனை எக்கடையும் இலேசாக்கித் தராது. வழியில் நீர்நிலைகள் எங்கெங்கு உள்ளன என முன்னரே அறிதல் ஒன்றே வழி. கொள்கலத்தில் மட்டும் குறைக்கலாம்: எறியப்படும் ஒரு லீற்றர் பிளாத்திக்குப் போத்தல் நாற்பது கிராமுக்கு மேற்படுவதரிது, உருக்குப் போத்தலோ சில நூறு கிராம். ஆற்றுநீரைக் கொதிக்கவைத்தோ குளோரீன் வில்லையிட்டோ அருந்துதல் வேண்டும். வில்லைகளின் நிறை சில கிராமே. சமைக்க விரும்புவோர் குளிர்பானப் பேணியை வெட்டிச் சிறு மதுசார அடுப்பொன்றைச் செய்துகொள்ளலாம். அதன் சுவாலை பகலிற் கண்ணுக்குப் புலனாகாதாகையாற் கவனம் வேண்டும். படங்கின் கீழ் எரித்தலும், தீமூட்டல் தடுக்கப்பட்ட வனங்களிற் பயன்படுத்தலும் தகா.

ஒரு கிராமின் விலை

விலை கூடிய பொருளை வாங்கலாமா என்னும் ஐயம் எழுமிடத்து ஒரு சிறு வகுத்தல் தெளிவு தரும். மேலதிக விலையைக் குறையும் கிராமினால் வகுத்தால் ஒரு கிராமைக் குறைத்தற்குரிய விலை பெறப்படும். தேவையற்ற பொருளை நீக்கின் அவ்விலை பூச்சியம். கூடாரத்துக்குப் பதிலாகப் படங்கைக் கொண்டால் அது பூச்சியத்திலுங் குறைவு; நிறையும் குறைந்து காசும் மிஞ்சுகின்றது. மெல்லிய அலுமினியப் பாத்திரத்துக்குப் பதிலாகத் தைத்தேனியப் பாத்திரம் வாங்கினாலோ, பன்மடங்கு விலைகொடுத்து ஐம்பது கிராமளவே குறைக்கலாம். தைத்தேனியம் உண்மையில் அலுமினியத்தினும் அடர்த்தி கூடியது. வலிமை மிக்கதாதலின் மெல்லிதாக அடிக்கப்படுகின்றது, அவ்வளவே. பறவை இறகு நிரப்பிய போர்வை ஒரே சூட்டுக்குச் செயற்கையிழைப் போர்வையிலும் இலேசானது, நெடுநாள் உழைப்பது. ஆனால் விலை மிக்கது. நனைந்தால் திரண்டு சூட்டை இழப்பது. கடுங்குளிர் நாட்டில் அது வேண்டப்படலாம். மழை மிக்க நம் மலைநாட்டுக்குச் செயற்கையிழையே தக்கது. இவ்வாறு வகுத்துப் பார்ப்பவன், தன் காசு எங்கே சென்றால் முதுகு உண்மையில் இலேசாகும் என்பதை விளம்பரங்களின் துணையின்றியே அறிவான்.

குறைக்கலாகாதவை

சுமை குறைத்தலைப் போட்டியாகக் கொள்வோர் சிலர் உள்ளனர். நிறை குறைந்ததென மகிழ்ந்து, மழையங்கியையும் மின்சூளையும் வீட்டில் வைத்துவிட்டுச் செல்வது துணிவன்று, அறியாமையே. உடற்சூடு குன்றுதலால் வரும் இடர் பனிநாட்டுக்கு மட்டும் உரியதன்று. மழையும் காற்றும் சேர்ந்தால், நீர் உறையும் நிலைக்கு வெகுதூரம் மேற்பட்ட வெப்பநிலையிலும் அது நேரும். ஹோட்டன் சமவெளியில் தைமாத இரவுகளில் உறைபனி படிவதும் உண்டு. உலர்ந்த சூடான உடை ஒரு தொகுதி, மழை தடுக்கும் மேலங்கி, மின்சூள், நீரைத் தூய்மையாக்கும் வழி, காயத்துக்கு மருந்து, பாதைப்படம் ஆகிய ஆறும் நாடோறும் பயன்படாவிடினும் நீக்கத்தக்கனவல்ல. முன்னர்க் கூறிய கொப்பியின் மூன்றாம் வகையில் இவை அடங்குமாயினும், ‘இது இல்லாதவிடத்து யாது நேரும்?’ என்னும் வினாவை ஒவ்வொன்றையும் நோக்கிக் கேட்டல் வேண்டும். அசௌகரியம் நேரும் எனின் விடலாம். உயிருக்கு ஆபத்து நேரும் எனின் விடலாகாது. மேலும், தன் சுமையைக் குறைத்தவன் பிறர் போர்வையையும் பிறர் உணவையும் நாடி நிற்பானாயின் அவன் சுமையைக் குறைத்தவனல்லன். பிறர் தோளுக்கு மாற்றியவனே ஆவன்.

இதுகாறுங் கூறியவற்றால், நெடுவழி நடத்தற்குரிய ஆயத்தம் செல்வத்தைச் சார்ந்ததன்று, ஆராய்ச்சியைச் சார்ந்தது என்பது போதரும். நிறுத்தல், நீக்கல், ஒன்றைப் பலவற்றுக்குப் பயன்படுத்தல், கையாற் செய்தல் என்னும் நான்கும் கைப்பொருள் இல்லாதவனுக்கும் இயல்வன. கல்லூரிகள் இவ்விடயத்திற் செய்யக்கூடியதும் ஒன்று உண்டு. சாரணர் படையோ மலையேறுங் கழகமோ ஆண்டுதோறும் சில படங்குகளையும் பைகளையும் மாணவர் கையாலேயே தைப்பித்து, பொதுவாக வைத்து, வேண்டியோர்க்கு இரவலாக வழங்கலாம். புறப்படுமுன் ஒருநாள் மண்டபத்தில் தராசொன்றை வைத்து எல்லோர் பைகளையும் நிறுக்கலாம். அவ்வாறு செய்யின், பொருள்கள் வாங்க இயலாமையால் தன் பெயரைக் கொடாது ஒதுங்கி நிற்கும் மாணவனும் ஏனையோரோடு ஒரே வரிசையில் நடந்து மலையுச்சியை அடைவான்.